கூட்டு வாசிப்பு

பள்ளிக்கூட வாசலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி சேற்றில் இறங்கி நின்றதால்தான் அந்தக் குழு ஆரம்பமானது என்று கேண்டீன் தாயம்மா பிற்பாடு பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி, புதிதாக மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியை புஷ்பவள்ளியின் பிடிவாதம்.

லுக்குட் டவுனிலிருந்து தோட்டத்துக்குள் வரும் சாலையில் தார் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் செம்மண். அன்று பள்ளி விடுகிற நேரத்துக்கு மழை கொட்டித் தீர்த்திருந்தது. பிள்ளைகள் வேனிலும் அப்பாக்களின் மோட்டார் சைக்கிளிலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் காரை எடுக்கப் போகும் சமயத்தில் லாரியின் பின்சக்கரம் வாசலை அடைத்துப் புதைந்துகொண்டது. இந்தோனேசிய ஓட்டுநர் பனை மட்டைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்துத் திணித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறுக்குக்கும் சேறு பெயர்ப்பலகைவரை தெறித்தது.

"ரெண்டாவது டிவிஷன்லேர்ந்து டிராக்டர் வரணும். லேட்டாவும்லா," என்றாள் தாயம்மா.

"அப்ப யாரும் போக முடியாதுல்ல?" என்றார் புஷ்பவள்ளி. "நல்லதாப் போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு எடுக்கறவங்க நூலகத்துக்கு வாங்க. தாயம்மா, தே ஓ கலக்கிக் குடுங்க. காலைல பொரிச்ச பீசாங் கோரேங் மிச்சம் இருந்தா அதையும் கொண்டாங்க."

மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு இசபெல். இரண்டாம் ஆண்டுக்கு அவள் கணவன் ராய்ஸ்டன். முதலாம் ஆண்டுக்குக் குணாளன். கெடாவிலிருந்து போன வருஷம்தான் முதல் வேலைக்கு வந்தவன், இன்னும் கல்யாணமாகாதவன், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறவன். பள்ளிக்குள் ராய்ஸ்டன் இசபெலுக்கு சார், இசபெல் அவனுக்கு டீச்சர். வாசலைத் தாண்டிக் காரில் ஏறினால்தான் புருஷன் பெண்டாட்டி.

ஆசிரியர் குழு என்பது அந்தப் பள்ளிக்குப் புதிதல்ல. மேலிடத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பின்னால் பதாகை கட்டி, படம் பிடித்துக் கோப்பில் போட்டுவிடுவார்கள். படம் எடுத்த கையோடு எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் புஷ்பவள்ளி பதாகையும் கொண்டு வரவில்லை, கைப்பேசியையும் எடுக்கவில்லை. பால் விடாத அந்தத் தே ஓவை ஒரு வாய் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"போன வாரம் உங்க மூணு வகுப்புலயும் புள்ளைங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு வாசிக்க வச்சேன். பாடப்புத்தகத்துல இல்லாத நாலு வரி. நானே எழுதினது. முதலாம் ஆண்டு புள்ளைங்க தட்டுத் தடுமாறி எழுத்து கூட்டுதுங்க. அது போதும். ரெண்டாம் ஆண்டுல பாடப்புத்தகத்த தண்ணி மாதிரி ஒப்பிக்குதுங்க. இந்த நாலு வரிய குடுத்தா என் மொகத்தப் பாக்குதுங்க."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளைங்க போன வருஷம் என் கிளாஸ்," என்றான் குணாளன். "அப்ப வாசிச்சாங்க."

ராய்ஸ்டன் சன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி அவன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க புள்ளைங்கள தனித்தனியா வாசிக்க விடறீங்களா?"

ராய்ஸ்டன் சிரித்தான். "தனியா ஒரு ரூம் இருந்தா நல்லாத்தான் இருக்கும் டீச்சர். நம்ம ஸ்கூல்ல எங்க இருக்கு?"

குணாளன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். புஷ்பவள்ளியின் முகம் இறுகியது. கேள்வியைக் கிண்டலடிக்கிறான் என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். இசபெலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்துகொண்டாள்.

அவளுக்கு இந்தச் சங்கதி முன்பே தெரியும். போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் ராய்ஸ்டனின் வகுப்பிலிருந்து ஏறி வந்த பிள்ளைகள் நல்ல நிலை என்று குறிக்கப்பட்டு வந்தார்கள். புத்தகத்தை மாற்றிக் கொடுத்தால் விழித்தார்கள். உடற்கல்வி நேரத்திலும் ஓய்வு நேரத்திலும் அவர்களை உட்கார வைத்து உயிர்மெய் வரிசையிலிருந்து திரும்பவும் எழுத்துக் கூட்டப் பழக்கியது அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டில் மிச்சமிருக்கும் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயம்.

"யாரையும் குத்தம் சொல்ல கூப்டல," என்றார் புஷ்பவள்ளி. "இனிமே வாரா வாரம் உக்காருவோம். ஒரு பாடத்த மூணு பேரும் சேந்து தயார் பண்ணுங்க. ஒருத்தர் நடத்தட்டும். மத்தவங்க பின்னால உக்காந்து பாக்கட்டும். வாத்தியார பாக்க வேணாம், புள்ளைங்கள பாருங்க. எது வாசிக்குது, எது முழிக்குது, எது பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதுது, அதான் நமக்கு வேணும். மொதல்ல இசபெல் டீச்சர் வகுப்பு. அடுத்தது ராய்ஸ்டன் சார்."

ராய்ஸ்டன் தலையாட்டிக்கொண்டிருந்தான். குணாளன் தன் கட்டைக் குரலில், "அடுத்தது உங்க கிளாஸ் சார். நாங்க வந்து உக்காருவோம்," என்றான்.

தலையாட்டல் நின்றது. "என் கிளாஸுக்கா? எதுக்கு?"

"இவ்ளோ நேரம் அதத்தான சார் பேசறோம்."

"அதெல்லாம் வேணாம். புள்ளைங்க பயந்துக்கும்," என்று எழுந்துவிட்டான். டிராக்டர் வந்துவிட்டிருந்தது. சங்கிலி கட்டி இழுக்கும் சத்தத்தில் புஷ்பவள்ளி மேற்கொண்டு சொன்னது யாருக்கும் சரியாக விழவில்லை.

காரில் அவன்தான் ஓட்டினான். இருபுறமும் செம்பனை மரங்கள் நனைந்து கறுத்து நின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறும்வரை இசபெல் பொறுத்திருந்தாள்.

"குணாளன் சொன்னதுல தப்பு இல்ல," என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை. கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்தது.

"ராய், உங்ககிட்டத்தான் பேசறேன்."

பதில் இல்லை. லுக்குட் கடைவீதியின் ஒர்க்‌ஷாப்புகள் வந்துவிட்டன. அவளுக்குள் இரண்டு வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. "காதுல விழுதா இல்லையா? எத்தன நாளைக்கு இப்படி ஊமையா இருப்பீங்க?"

"கத்தாத," என்றான் அவன் ரோட்டைப் பார்த்தபடி. "நீயும் அவங்களோட சேந்துகிட்டல்ல? பரவால்ல. சிரம்பானுக்கு மாத்தல் கேக்கப் போறேன். கிளாஸே வேணாம். ஆபீஸ் வேல எதாச்சும் குடுத்தா போதும்."

"புள்ளைங்க வாசிக்கலங்கறாங்க. நீங்க மாத்தல்ங்கறீங்க."

 சமிக்ஞை விளக்கில் நிற்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தாள். கோபம் என்று நினைத்தாள்.

மகள் ஜெனவீவ் கல்லூரி விடுதிக்குப் போனபின் அந்த வீட்டில் இரண்டே பேர். அவள் இருந்தவரை மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மகளின் பேச்சில் வீடு நிறைந்திருக்கும். இப்போது அவன் தொலைக்காட்சியை அலறவிட்டுச் சோபாவில் சாய்ந்துகொள்வான். அடுப்படியிலிருந்து அவள் கேட்டால் பதில் வராது. இரண்டு தடவை கேட்பாள். மூன்றாவது தடவை கேட்கத் தன்மானம் இடம் கொடுக்காது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து மற்றவர்கள் கூடி நின்று பேசும்போது அவன் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வான். புருஷனுக்குத் தன்மேல் மனசு விட்டுப்போய்விட்டது என்று இசபெல் தீர்மானத்துக்கு வந்திருந்தாள். வெளியில் யாரும் இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. காரணம் தெரியாத விலகல் என்பதால் அது இன்னும் வலித்தது.

அடுத்த வாரம் அவள் வகுப்பில் மற்ற மூவரும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவள், பலகையில் எழுதிய முதல் வரியையே இரண்டு தடவை அழித்து எழுதினாள். ஆனால் பிறகு நூலகத்தில் உட்கார்ந்தபோது குணாளன் சொன்னது அவளை ஆச்சரியப்படுத்தியது.

"சன்னல் ஓரத்துல இருக்கற மூணு பேரும் வெள்ளப் பலகையப் பாக்கவே இல்ல டீச்சர். வெளிச்சம் பட்டு பளபளன்னு அடிக்குது. எழுத்து தெரியல. பக்கத்துப் புள்ளையப் பாத்துத்தான் எழுதறாங்க. நான் அங்க உக்காந்தேன்ல, எனக்கே தெரியல."

அந்த மூன்று பேரும் கவனக்குறைவு என்று அவள் எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். மறுநாளே மேசைகளைத் திருப்பிப் போட்டாள். வாரக்கடைசிக்குள் ஒருத்தியின் எழுத்தே மாறிவிட்டது. வேறொரு கண் வேண்டியிருக்கிறது என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது. அதை வீட்டில் சொல்ல வாயெடுத்து, தொலைக்காட்சி சத்தத்தில் விட்டுவிட்டாள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் ஆண்டு கவிநிஷாவின் அம்மா நீலாவதி தொழிற்சாலைச் சீருடையோடு காலையிலேயே அலுவலக வாசலில் வந்து நின்றாள். இரவு வேலை முடித்து நேரே வந்த கண்கள்.

"எங்கவரு மலாய் ஸ்கூலுக்கு மாத்திடலாங்கறாரு டீச்சர். இந்த வயசுல என் மவ ஒரு கடை போர்டு வாசிக்க மாட்டேங்குது. நானும் இதே ஸ்கூல்லதான் படிச்சேன். மாத்த எனக்கு மனசில்ல. ஆனா எத்தன நாளைக்குப் பாக்கறது?"

"இந்த டெர்ம் முடியறவரைக்கும் டைம் குடும்மா," என்றார் புஷ்பவள்ளி.

"அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று போனாள். தோட்டத்தில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களே சொற்பம். ஒரு பிள்ளை போனால் பின்னாலேயே இன்னும் இரண்டு போகும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

ராய்ஸ்டனின் முறை வந்த அன்று காலை அவன் கோப்பியைத் தொடவில்லை. தலைவலி, விடுப்பு எடுக்கப் போகிறேன் என்றான். இசபெல் கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

பாடம் மூவரும் சேர்ந்து எழுதியது. பாசாருக்குப் போன அம்மா மீன் வாங்கி வந்து சமைக்கிற சின்னக் கதை. ராய்ஸ்டன் அதை வெள்ளைப் பலகையில் முத்து முத்தாக எழுதினான். அவன் கையெழுத்துக்கு அந்த வட்டாரத்திலேயே பேர் உண்டு. படம் வரைந்தான், மீன்காரனைப் போல் நடித்துக் காட்டினான், பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இசபெலுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

பிறகு, "எல்லாரும் சேந்து வாசிங்க," என்றான்.

வகுப்பு ஒரே குரலாக வாசித்தது. சத்தம் கூரையைத் தொட்டது. வாத்தியாரைப் பார்க்க வேண்டாம் என்று தலைமையாசிரியை சொன்னது நினைவுக்கு வர, இசபெல் எழுந்து ஓரமாக நகர்ந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்தாள். முன்வரிசையில் சஸ்வின் என்ற பையன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி வாசித்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர். மற்ற வாய்கள் கொஞ்சம் பிந்தி அவர்களைத் தொடர்ந்தன. கவிநிஷாவின் உதடுகள் வெறுமனே திறந்து மூடின. அதிலிருந்து சத்தமே வரவில்லை.

ராய்ஸ்டன் முகமலர்ந்து, "நல்லா வாசிச்சீங்க," என்றான்.

குணாளன் எழுதுகோலை மூடியபடி புஷ்பவள்ளியைப் பார்த்தான். அவன் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் இசபெலின் கண் வேறொன்றில் போய் மாட்டிக்கொண்டது. ராய்ஸ்டன் பலகைப் பக்கம் திரும்பி அழித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "சார்," என்றது. அவன் திரும்பவில்லை. அது இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லாமல், பழகிய காரியம்போல நடந்து போய், பலகைக்கும் அவனுக்கும் நடுவில் நின்று, அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்து, "டாய்லெட் போணும் சார்," என்றது. அவன் தலையாட்டினான். சற்றைக்கெல்லாம் இன்னொரு பையன், பென்சில் சீவ. அவனும் சுற்றிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே நின்றுதான் கேட்டான். பின்னாலிருந்து யாருமே கூப்பிடவில்லை.

 இசபெலின் மனதில், காரில் தான் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்காருவது, தொலைக்காட்சியின் அலறல், கோவில் கூட்டத்திலிருந்து அவன் நழுவிப் போவது, குணாளனின் கட்டைக் குரலுக்கு மட்டும் பதில் சொல்வது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

மணியடித்ததும் குணாளன் நூலகத்துக்குப் புறப்பட்டான். இசபெல் புஷ்பவள்ளியின் முன்னால் போய் நின்றாள். "டீச்சர், இன்னைக்கி உக்கார வேணாம். நாளைக்கி வச்சிக்கலாம்."

"ஏன்? பாத்தத சூட்டோட பேசிடணும்."

"கெஞ்சிக் கேக்கறேன் டீச்சர். ஒரு நாள்."

புஷ்பவள்ளி அவளை உற்றுப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரருங்கறதால ஒரு நாள் தரேன். நாளைக்கி மூடி மறைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அவள் மத்திமீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்தாள். ராய்ஸ்டன் வாசல்பக்கம் பார்த்தபடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவன் கல்யாணமான நாளிலிருந்து விட்டதில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவினார்கள்.

அவள் அடுப்பை அணைத்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். சாதாரணமாகப் பேசுகிற குரலில், "ராய்," என்றாள்.

கத்தி நகர்ந்துகொண்டிருந்தது.

"ராய், நான் உங்கள விட்டுட்டுப் போறேன்."

அவன் வெங்காயத் தோலை ஒரு பக்கம் ஒதுக்கினான். இன்னொரு வெங்காயத்தை எடுத்தான். நுனியை வெட்டி, அதன் காரத்துக்குக் கண்ணைச் சுருக்கி, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

இசபெலுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷமாக ஒரு சுவரோடு சண்டை போட்டிருக்கிறோம் என்பதற்கா, அவன் மனசு விட்டுப்போகவில்லை என்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. சுற்றி வந்து, வகுப்பில் அந்தப் பிள்ளை நின்றதைப் போல, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா கேக்கல?"

"என்னா?"

"காது. எத்தன நாளா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"யாரு சொன்னா? குணாளனா?"

"யாரும் சொல்லல. பின்னால நின்னு உங்கள விட்டுட்டுப் போறேன்னு சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கிட்டு இருக்கீங்க."

அவன் முகம் கோணிக்கொண்டது.  பிறகு சொன்னான், "எடது சுத்தமா இல்ல. வலதுல ஆம்பள குரல் கேக்கும். உன் கொரலு கிட்ட வந்தா கேக்கும். புள்ளைங்க பேசுனா என்னமோ காத்து வர்ற மாதிரி இருக்கும். நீ திட்டறது கேக்கும்."

"ஏன் சொல்லல?"

"எங்கப்பாவ உனக்குத் தெரியாது. நீ கட்டிக்கிட்டு வரதுக்குள்ள அவரு போய்ட்டாரு." அவன் குரல் தணிந்தது. "இதே தோட்டந்தான். ஆலையில பாய்லர் பக்கமே கெடந்து காது போச்சு. பெறகு வெளிவேலைக்கு வந்தாரு. விடியகாலம் பெரட்டுல ஆளுங்கள நிக்க வச்சுப் பேர் கூப்புடுவாங்க. ராயப்பன்னு கூப்ட்டா அவருக்குக் கேக்காது. வேல வாங்கற மண்டோரு சின்னக் கல்லா எடுத்து அவரு மேல எறிவான். டமாரச் செவிடுன்னு அத்தன பேரும் சிரிப்பாங்க. அவரும் சேந்து சிரிப்பாரு, இசா. நான் ஸ்கூல் பைய மாட்டிக்கிட்டு ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அதே தோட்டத்துல வாத்தியாரா வந்து நிக்கறேன். என்னயும் அப்படிச் சிரிக்கணுமா?"

"அதுக்காக புள்ளைங்க படிக்காம போகணுமா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்தது. அவன் நிமிர்ந்தான்.

"சேந்து வாசிச்சா கொஞ்சம் கேக்கும். அத்தன பேரும் வாசிக்கறாங்கன்னுதான் நெனச்சேன்." நிறுத்திவிட்டு, "இல்ல. பொய். நெனச்சுக்கிட்டேன்," என்றான்.

"கவிநிஷா வெறும் வாயத்தான் ஆட்டுது. நான் பாத்தேன். அவங்கம்மா மாத்தறேன்னு வந்து நிக்கறாங்க. நானும் ரெண்டு வருஷமா உங்க புள்ளைங்களுக்கு மறுபடி மொதல்லேர்ந்து சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரியாம."

அவன் அதைக் கேட்டான். முழுதும் கேட்டான் என்பது அவன் கண் கலங்கியதில் தெரிந்தது. "நாளைக்கி நீயே சொல்லிடு," என்றான்.

"நான் சொல்ல மாட்டேன்."

 மீன் பொரிந்து, சாப்பாடு முடிந்து, அவன் தொலைக்காட்சியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். வீடு அப்படி நிசப்தமாக இருந்து வெகுநாளாகிவிட்டது.

மறுநாள் நூலகத்தில் குணாளன் காத்திருக்கவில்லை. "நேத்து பாத்தத சொல்லிடறேன் டீச்சர். வாசிச்சது மூணு பேரு. மத்ததெல்லாம் வாய் ஆட்டறாங்க. சாருக்கு அது தெரியாம இருக்காது. தெரிஞ்சும் விடறாருன்னா, அது புள்ளைங்களுக்குப் பண்ற துரோகம். நான் சின்னவன். இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்."

இசபெல் மேசைக்கு அடியில் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ராய்ஸ்டன் இன்று சன்னலைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து, வலது காது அவர்கள் பக்கம் வரும்படி போட்டுக்கொண்டான்.

"சரியாத்தான் சொல்றீங்க," என்றான். "எனக்குக் காது கேக்கல."

குணாளன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான்.

"கிண்டல் பண்ணல சார். நெசமாவே கேக்கல. புள்ளைங்க வாசிக்கறது எனக்கு விழறதில்ல. டீச்சர், நீங்க அன்னைக்கி என்னமோ கேட்டீங்க, நான் ரூம பத்தி என்னமோ ஒளறினேன். நீங்க என்னா கேட்டீங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது."

புஷ்பவள்ளி கைகளைக் கோத்து மேசையில் வைத்தார்.  குணாளனின் முகம் சிவந்திருந்தது. "நான் வேற மாதிரி நெனச்சேன் சார்," என்றான்.

"நெனைக்க விட்டது நான்தான்."

"ரெண்டு விஷயம் சார்," என்றார் புஷ்பவள்ளி, அவன் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி. "இத நான் மேல தெரிவிச்சுத்தான் ஆகணும். மறைக்க மாட்டேன். நீங்க சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போயி காத சோதிக்கணும். அவங்க என்னா முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. கிளாஸ் வேணாம்னு சொன்னாலும் சொல்லலாம்."

ராய்ஸ்டன் தலையசைத்தான். 

"ரெண்டாவது, அது வரைக்கும் அந்தப் புள்ளைங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. நான் சொல்லல, நீங்க மூணு பேரும் பேசிச் சொல்லுங்க."

பேசினார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் மறித்து. கடைசியில் குணாளன்தான், "சார் போர்டுல கணக்குப் போட்டா என் கிளாஸ் புள்ளைங்க கண்ண எடுக்காம பாக்கும். எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. என் கணக்க சார் எடுக்கட்டும். சாரோட வாசிப்பு நேரத்த நானும் டீச்சரும் மாத்தி மாத்தி எடுக்கறோம்," என்றான்.

"வாசிப்ப என்கிட்டேர்ந்து முழுசா எடுத்துடாதீங்க," என்றான் ராய்ஸ்டன். "நானும் இருக்கேன். கூட யாராச்சும் உக்காந்தா போதும்."

வாசலில் தே ஓ தட்டோடு வந்த தாயம்மா, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, தட்டை அலமாரிமேல் வைத்துச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை மூன்றாம் ஆண்டைப் புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டார். இசபெல் கணவனோடு இரண்டாம் ஆண்டுக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் பாடி உட்கார்ந்தார்கள். ராய்ஸ்டன் மேசையோரம் நின்று தொண்டையைச் செருமினான். மூன்று பெரியவர்களிடம் சொன்னதைவிட இது அவனுக்குக் கஷ்டமாக இருந்ததை இசபெல் பார்த்தாள். கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"புள்ளைங்களா, சார் ஒண்ணு சொல்லணும். சாருக்குக் காது சரியா கேக்காது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை ஏதோ சொன்னது. அவன் இசபெலைப் பார்த்தான்.

"தெரியும்ங்கறாங்க," என்றாள் அவள்.

சஸ்வின் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றான். "எங்க எல்லாத்துக்கும் தெரியும் சார். அதான் கிட்ட வந்து பேசுவோம். நான்தான் சத்தமா வாசிப்பேன், சாருக்குக் கேக்கணும்ல. இவங்கள்லாம் வாய ஆட்டுவாங்க."

ராய்ஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். இசபெல் அருகே போகவில்லை. போனால் தானும் அழுதுவிடுவோம் என்று சன்னலோரம் நின்றாள். வெளியே குலை அறுக்கிற ஆட்கள் நீளக் கம்புகளைத் தோளில் போட்டு மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், "கவிநிஷா, இங்க வா," என்றான்.

வந்தது. ஒல்லியான பிள்ளை. சட்டைப் பையில் பென்சில் குத்தியிருந்தது. அவன் ஒரு நாற்காலியைத் தனக்கு வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். மறுபக்கம் இசபெலை உட்காரச் சொன்னான். பாசார் கதை எழுதிய தாளை நடுவில் விரித்தான்.

"வாசி. மெதுவாவே வாசி."

கவிநிஷா விரலை வைத்து முதல் வரியை இழுத்து இழுத்துக் கூட்டி முடித்தது. அதற்கே நெற்றியில் வியர்த்துவிட்டது. ராய்ஸ்டன் தாளைப் பார்த்தபடி தலையசைத்துக்கொண்டே வந்தான். இரண்டாவது வரியில் பாதி தூரம் போய்த் திணறி, பிறகு ஒரே மூச்சில், "அம்மா மீன் குரங்கு சமைத்தார்," என்றது.

"சரி. மேல வாசி," என்றான் ராய்ஸ்டன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் முகம் சட்டென்று வெளிறியது. பிள்ளைகளை ஒருமுறை பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதவனின் பார்வை. இதற்குப் பயந்துதான் அவன் இத்தனை காலம் ஒளிந்திருந்தான் என்பது இசபெலுக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லி மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இத்தனை காலம் அவளும் செய்தது அதுதான்.

"தப்பு சார்," என்றாள், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து. "குழம்ப குரங்குன்னு வாசிச்சிட்டா. நீங்க சரின்னுட்டீங்க."

"மீன் குரங்கா?"

"ஆமா. மீன் குரங்கு."

அவன் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வகுப்பு மறுபடியும் சிரித்தது, இந்தத் தடவை அவனோடு. கவிநிஷா மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

ராய்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தாளை அந்தப் பிள்ளையின் பக்கம் நகர்த்தினான். இப்போது அவன் தாளைப் பார்க்கவில்லை, அதன் வாயைப் பார்த்தான்.

"ரெண்டு பேருமே தப்பு பண்ணிட்டோம். திரும்ப வாசி."

கவிநிஷா மூச்சை இழுத்துக்கொண்டு 'கு'வுக்குக் கீழே விரலை வைத்தது.